இந்தோனேசிய மொழி படிக்கலாமா? வாசகர் கேள்விகளும் ஆசிரியை பதில்களும்

(பதில் எழுதுபவர் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்து, அங்கேயே இந்தோனேசிய மொழி, இலக்கியக் கல்வியில் பட்டம் பெற்று, அரசு மேல்நிலைப் பள்ளியில் அம்மொழியைக் கற்பித்து ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை.)

நான் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். பாலிக்குச் சுற்றுலா போய் வந்ததிலிருந்து இந்தோனேசிய மொழி மேல் ஆசை. அங்குள்ள பல்கலைக்கழகங்களில் ‘இந்தோனேசிய மொழி, இலக்கியக் கல்வி’ என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறதாமே, அதில் சேர்ந்தால் மொழியைக் கற்றுக்கொள்ளலாமா?
– வாசகி, மதுரை

ஆசை நல்லதுதான் அம்மா, ஆனால் நீங்கள் தட்ட வேண்டிய கதவு வேறு. இந்தப் படிப்பில் மொழியை அரிச்சுவடியிலிருந்து கற்றுத்தர மாட்டார்கள். சிறு வயது முதல் அந்த மொழியில் புழங்கிய பிள்ளைகளைப் பள்ளி ஆசிரியர்களாக்கும் படிப்பு இது. பொதுவாக எட்டுப் பருவங்கள், குறைந்தது 144 பாடப்புள்ளிகள். முடித்தால் ‘சார்ஜானா பெண்டிடிக்கான்’ என்ற கல்வியியல் பட்டம். இதையொட்டி ‘சாஸ்த்ரா இந்தோனேசியா’ என்று இன்னொரு துறையும் உண்டு. அங்கே மொழியும் இலக்கியமும் மட்டும்தான், ஆசிரியப் பயிற்சி கிடையாது. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் உள்ளூர்ப் பிள்ளைகளே விண்ணப்பத்தில் மாற்றிக் குறித்துவிடுகிறார்கள்.

முதல் இரண்டு ஆண்டுகளில் ஒலியனியல், உருபனியல், தொடரியல், இலக்கிய வரலாறு, கவிதை, உரைநடை என்று வரிசையாக வரும். நாடகப் பாடத்தில் வகுப்பே சேர்ந்து ஒரு நாடகத்தை மேடையேற்றுவது பல துறைகளில் வழக்கம். மூன்றாம் ஆண்டிலிருந்து பாடத்திட்ட ஆய்வு, வினாத்தாள் தயாரிப்பு, பிறகு ‘மைக்ரோ டீச்சிங்’. சக மாணவர்களையே பள்ளிப் பிள்ளைகளாக உட்கார வைத்துக் கால் மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். அதன் பின் உண்மையான பள்ளியில் பயிற்சி. மொழியே தெரியாமல் இதில் போய் உட்கார்ந்தால் திணறிவிடுவீர்கள்.

உங்களுக்கு ஏற்றது ‘பிபா’. வெளிநாட்டவருக்கென்றே வகுத்த இந்தோனேசிய மொழிப் பாடம் அது. பண்டுங், யோக்யகர்த்தா, மாலாங் பல்கலைக்கழகங்கள் இதில் பேர்போனவை. இந்தோனேசிய அரசு 1974-இல் தொடங்கிய ‘தர்மசிஸ்வா’ உதவித்தொகையில் மொழியும் கலைகளும் படிக்க வெளிநாட்டு இளைஞர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். இதில் பட்டம் கிடைக்காது, மொழி கிடைக்கும். அறிவிப்பு வந்திருக்கிறதா என்று தூதரகத்தில் விசாரியுங்கள். மொழி கைவந்த பிறகும் இலக்கியத்தின் மேல் ஆசை குறையாமல் இருந்தால், அப்போது பட்டப்படிப்பைப் பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள்.

மலேசியாவின் எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வில் மலாய் மொழியில் சிறப்புத் தேர்ச்சி பெற்றேன். மலாயும் இந்தோனேசிய மொழியும் ஒன்றுதானே, இந்தத் துறை எனக்குச் சுலபமாக இருக்குமா?
– மாணவர், ஈப்போ

மதுரை வாசகியைவிட நீங்கள் வெகுதூரம் முன்னால் நிற்கிறீர்கள். இரண்டுக்கும் வேர் ஒன்று. 1972-இல் இரு நாடுகளும் எழுத்துமுறையையும் நெருக்கமாக்கிக்கொண்டன. பேச்சு ஒரு மாதத்தில் பழகிவிடும். ஆனால் உங்கள் ஊரில் இலவசம் என்று பொருள்படும் ‘பெர்சுமா’, இங்கே வீண் என்று பொருள்படும். இப்படிப் பழகிய சொல்லே காலை வாரும் இடங்கள் நிறைய உண்டு. எழுத்துத் தேர்வில் அவை மதிப்பெண்ணைத் தின்னும்.

அதைவிடப் பெரிய இடைவெளி இலக்கியத்தில் இருக்கிறது. உடன் படிக்கும் பிள்ளைகள் பள்ளியிலேயே கைரில் அன்வர், அமீர் ஹம்சா கவிதைகளை மனப்பாடம் செய்து வந்திருப்பார்கள். டச்சுக்காரர் ஆட்சி, ஜப்பானியர் ஆக்கிரமிப்பு, 1965-இல் தொடங்கிய கம்யூனிஸ்ட் எதிர்ப்புப் படுகொலைகள் ஆகியவற்றின் பின்னணி தெரியாமல் இந்த நாட்டு நாவல்களைப் புரிந்துகொள்ள முடியாது. சேருவதற்கு முன் ஒரு நல்ல வரலாற்று நூலைப் படித்துவிட்டு வாருங்கள்.

இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரே பருவத்தில் ஏகப்பட்ட நாவல்களைப் பட்டியலில் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இணையத்தில் கதைச்சுருக்கம் கிடைக்கிறது, வகுப்பில் பலரும் அதைத்தான் படிக்கிறார்கள். தேர்விலும் ஆசிரியர் பெயர், ஆண்டு, எந்தத் தலைமுறை என்றுதான் கேட்கிறார்கள். முழு நூலையும் படித்துத்தான் ஆக வேண்டுமா?
– மாணவன், பாடாங்

படித்துத்தான் ஆக வேண்டும் தம்பி. இந்தப் பகுதியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு என்றால் அது இதுதான்.

உன் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். பாத்தாங் அராவ் ஆற்றின் மேல் சித்தி நுர்பாயா பாலம் இருக்கிறது, தினமும் பார்த்திருப்பாய். மாரா ருஸ்லியின் ‘சித்தி நுர்பாயா’ 1922-இல் வந்தது. சுருக்கத்தில் என்ன இருக்கும்? கடன்பட்ட தந்தையைக் காப்பாற்றுவதற்காக நுர்பாயா கிழட்டுப் பணக்காரன் டத்து மெரிங்கியை மணக்கிறாள், காதலன் சம்சுல்பஹ்ரி பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருக்கிறான், அவள் நஞ்சு கலந்த லெமாங் (மூங்கிலில் வேகவைத்த சோறு) தின்று சாகிறாள். கட்டாயக் கல்யாணத்தின் கொடுமை என்று ஒரு வரியில் பாடம் முடிந்துவிடும்.

நூலின் கடைசிப் பகுதியைப் படித்திருக்கிறாயா? காதலியை இழந்த சம்சுல்பஹ்ரி டச்சுப் படையில் சேர்ந்து, பெயரையும் மாற்றிக்கொண்டு லெப்டினன்ட் ஆகிவிடுகிறான். பல ஆண்டுகள் கழித்து அவனைப் பாடாங்குக்கு அனுப்புகிறார்கள். டச்சுக்காரர் விதித்த வரியை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்திருக்கிறார்கள், அதை அடக்குவதுதான் அவன் வேலை. அந்தக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்குபவன் யார் தெரியுமா? டத்து மெரிங்கி! ஊரைச் சுரண்டிய கொடியவன் அந்நிய ஆட்சியை எதிர்த்து நிற்கிறான். நாம் கண்ணீர்விட்ட நாயகன் அந்நியச் சீருடையில் சுட வருகிறான். இருவருமே மடிகிறார்கள். இதை வெளியிட்டது ‘பாலாய் புஸ்தாக்கா’. காலனி அரசு நடத்திய பதிப்பகம் அது.

மேல்நிலைப் பள்ளி வகுப்பில் இந்த இடத்தில் நிறுத்தி, “நீங்கள் யார் பக்கம்?” என்று மட்டும் கேட்பேன். ஒரு பாடவேளை முழுவதும் சண்டைதான். புத்தகத்தைத் தொடாத பிள்ளைகள்கூட மறுநாள் நூலகத்தில் வரிசையில் நிற்பார்கள். சுருக்கம் மட்டும் படித்த ஆசிரியருக்கு அந்தக் கேள்வி இருப்பதே தெரியாது. உனக்குத் தெரியாததை உன் மாணவர்களுக்கு எப்படிக் கொடுப்பாய்?

எழுத்தாளர்களைப் பாலாய் புஸ்தாக்கா தலைமுறை, புஜாங்கா பாரு தலைமுறை, 45 தலைமுறை என்று பெட்டி பெட்டியாகப் பிரித்து ஒப்பிக்க வைக்கும் பழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. கவிஞர் தௌஃபிக் இஸ்மாயில் பல நாடுகளின் பள்ளிகளில் கட்டாயமாகப் படிக்க வைக்கும் இலக்கிய நூல்களை ஒப்பிட்டுப் பார்த்து, இந்தோனேசியாவின் நிலையை ‘சுழியப் புத்தகத் துயரம்’ என்று மனம் வெதும்பிச் சொன்னார். அந்தச் சுழியத்தை மாற்ற வேண்டியவர்கள் உன் துறையிலிருந்து வெளியே வரும் ஆசிரியர்கள்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் படித்தது 1980-களில். நாவலாசிரியர் பிரமூதியா அனந்த தூரின் பெயர் எங்கள் விரிவுரைகளில் வரவே வராது. புரு தீவில் கைதியாக இருந்தபோது சக கைதிகளுக்கு வாய்மொழியாகச் சொல்லி அவர் உருவாக்கிய ‘பூமி மனுசியா’ 1980-இல் அச்சாகி, மறு ஆண்டே தடை செய்யப்பட்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் யோக்யகர்த்தாவில் அவருடைய நூல்களை விற்றதற்காக இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். இலக்கியத்தில் பட்டம் வாங்கிய நான், இந்நாட்டின் தலைசிறந்த நாவலை 1998-இல் சுஹார்த்தோ ஆட்சி முடிந்த பிறகுதான் பயமின்றிக் கையில் எடுத்தேன். விடிய விடியப் படித்தேன். படித்து முடித்ததும், நான் பாடம் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்ட பிள்ளைகளின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. இன்று அந்த நூல் எல்லாக் கடைகளிலும் பார்வையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

பட்டியல் மலைப்பாக இருந்தால் இந்த ஆறிலிருந்து தொடங்கு: ‘சித்தி நுர்பாயா’, அப்துல் முயிஸின் ‘சாலா அசுஹான்’, அர்மிஜின் பானேயின் ‘பெலெங்கு’, அச்தியாத்தின் ‘அதேயிஸ்’, ‘பூமி மனுசியா’, அஹ்மத் தொஹாரியின் ‘ரொங்கெங் டுக்கு பாருக்’. கடைசி நூலை வாங்கும்போது பதிப்பைப் பார்த்து வாங்கு. முன்பு வெட்டப்பட்ட 1965 பற்றிய பக்கங்கள் 2003-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் திரும்பச் சேர்க்கப்பட்டன. நாளுக்கு முப்பது பக்கம் போதும். ஒவ்வொரு நூலிலும் மாணவர்களிடம் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்வியைக் குறித்து வை. வேலைக்குப் போகும் நாளில் அந்தக் குறிப்பேடு பாடப்புத்தகத்தைவிட அதிகம் கைகொடுக்கும்.

என் மகள் இந்தப் படிப்பில்தான் சேருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். கணக்கியலோ நர்சிங்கோ படித்தால் கை நிறையச் சம்பாதிக்கலாம் என்பது என் எண்ணம். மொழியாசிரியருக்கு என்ன கிடைத்துவிடும்?
– ஒரு தகப்பனார், மேடான்

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் இந்தோனேசிய மொழி கட்டாயப் பாடம். மருத்துவமோ பொறியியலோ எது படித்தாலும் பல்கலைக்கழகத்திலும் ஒரு தாள் உண்டு. ஆகவே இந்த ஆசிரியர்களுக்குத் தேவை என்றும் இருக்கும். ஆனால் ஆசிரியப் பயிற்சி தரும் பல்கலைக்கழகங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் இந்தத் துறை இருப்பதால், பட்டதாரிகளும் அதிகம். பட்டம் வாங்கியவுடன் நிரந்தர வேலை என்று எண்ண வேண்டாம். பலர் ‘குரு ஹொனொரேர்’ என்ற தற்காலிக ஆசிரியராகத்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு தனியார் பள்ளியில் தொடங்கினேன். பாடவேளைக் கணக்கில் கூலி, அதுவும் சில மாதங்கள் தள்ளித்தான் வந்தது. இன்றும் பல ஊர்களில் தற்காலிக ஆசிரியர்களின் நிலை வயிறெரியச் செய்கிறது. பிள்ளைகளின் எதிர்காலத்தை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, அவருக்குப் பஸ் செலவுக்குக்கூடக் காணாத தொகையைக் கொடுப்பது பெரும் அநீதி.

அதிலிருந்து வெளியேறும் வழி ‘பெபெகே’ எனப்படும் ஆசிரியத் தொழிற்கல்வி. பட்டத்துக்குப் பின் அதை முடித்துச் சான்றிதழ் பெற்றால்தான் ஆசிரியருக்கான படித்தொகை கிடைக்கும். அரசு ஊழியர் தேர்வும் ஒப்பந்த அரசுப் பணித் தேர்வும் அவ்வப்போது நடக்கின்றன. மகளிடம் நான்கு ஆண்டு என்று பேசாதீர்கள், ஐந்து ஆண்டு என்று கணக்கு வையுங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் 2013 முதல் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணத்தை நிர்ணயிக்கிறார்கள். எனவே சம்பளச் சான்றை ஒழுங்காகக் கொடுங்கள்.

நம் மேடானிலேயே அரசுப் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறை இருக்கிறது. அது இருக்கும் சாலைக்கு வில்லெம் இஸ்கந்தர் என்று பெயர். 1862-இல் மண்டைலிங் மலைநாட்டின் தானோ பாத்தோவில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர் அவர், கவிஞரும்கூட. மாணவியாக இருந்தபோது அந்தப் பெயர்ப்பலகையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பெருமையாக இருக்கும்.

மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். முப்பத்தாறு பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகள், அப்படி நான்கு வகுப்புகள். ஒவ்வொரு நோட்டிலும் ‘டி’ என்ற முன்னொட்டைப் பிரித்தும் ‘டி’ என்ற இடச்சொல்லைச் சேர்த்தும் எழுதிய அதே பிழைகள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கோபப்படாமல் திருத்துவாளா? ஆம் என்றால் தடுக்காதீர்கள். 2022-இன் சர்வதேச மாணவர் மதிப்பீட்டில் வாசிப்புத் திறனில் இந்தோனேசியப் பிள்ளைகளின் சராசரி 359, வளர்ந்த நாடுகளின் சராசரி 476. வாசிக்கவும் வாசிக்க வைக்கவும் மனமுள்ள ஆசிரியர்கள் இந்த நாட்டுக்கு அவசரமாகத் தேவை.

எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் நாடு எப்படிச் சண்டையில்லாமல் ஒரு மொழியை ஏற்றுக்கொண்டது? மொழியால் இரத்தம் சிந்திய நாட்டிலிருந்து கேட்கிறேன்.
– வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் கேள்வியின் கனம் எனக்குப் புரிகிறது. இங்கே மிக அதிகமானோரின் தாய்மொழி ஜாவானிய மொழி. அதைத் தேசிய மொழியாக்கவில்லை. துறைமுகங்களிலும் சந்தைகளிலும் பல இனத்தாரும் பொதுவாகப் பேசிய மலாயை எடுத்து, 1928 அக்டோபர் 28 அன்று இளைஞர் மாநாட்டில் ‘இந்தோனேசிய மொழி’ என்று பெயரிட்டு உறுதிமொழி எடுத்தார்கள். பெரிய இனம் எதற்கும் அது வீட்டுப் பெருமையாக இல்லாததால் யாருக்கும் அவமானமாகவும் படவில்லை. 1942-இல் வந்த ஜப்பானியர் டச்சு மொழியைத் தடை செய்ததும் பள்ளி, அலுவலகம் எல்லாவற்றிலும் இதுவே நுழைந்தது. 1945 அரசியல் சாசனத்தின் 36-ஆம் பிரிவு அதை நாட்டு மொழியாக்கியது. யுனெஸ்கோ பொது மாநாட்டின் அலுவல் மொழிகளில் ஒன்றாகவும் 2023-இல் ஆகிவிட்டது.

விலை கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சிறு மொழிகள் பல பேசுவோரை இழந்துகொண்டிருக்கின்றன. மேடானில் எங்கள் தமிழும் அப்படித்தான். மேடானைச் சுற்றியுள்ள டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் நாங்கள். 1884-இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது, ஆனால் அதன் வாசலில் விளையாடும் குழந்தைகளில் பலருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. தேசிய மொழியைக் கற்பித்தே வாழ்ந்த எனக்கு இது தீராத வருத்தம்.

அடுத்த மாதம் பள்ளிப் பயிற்சி. எனக்கு ‘எ’ உச்சரிப்பு சரியாக வராது, பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது, டீச்சர்.
– மாணவி, பிஞ்சாய்

பயப்படாதே கண்ணு. இந்த மொழியில் ஒரே எழுத்து வெவ்வேறு ‘எ’ ஒலிகளுக்கு நிற்கிறது. தோபா பத்தாக் இனத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாவற்றையும் அழுத்தித் திறந்து சொல்வார்கள், ஜாவானியப் பிள்ளைகளுக்கு ‘ட’வும் ‘ப’வும் கனமாக வரும். வகுப்பில் யாரும் வானொலி அறிவிப்பாளர் அல்ல. சந்தேகமுள்ள சொற்களை அரசு அகராதியில் பார்த்துப் பாடக்குறிப்பில் குறியிட்டுக்கொள், போதும்.

பயிற்சி மாணவிகளை மதிப்பிடக் கடைசி பெஞ்சில் எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை ஒரு மாணவி கரும்பலகையில் இடச்சொல் ‘டி’யை அடுத்த சொல்லோடு ஒட்டி எழுதிவிட்டாள். முன்வரிசைச் சிறுமி கை தூக்கி, “சேர்த்து எழுதலாமா, அக்கா?” என்றாள். பயிற்சி மாணவியின் காது சிவந்துவிட்டது. ஆனாலும் சுண்ணக்கட்டியை அந்தச் சிறுமி கையில் கொடுத்து, “நீயே திருத்து, ஏன் என்றும் எல்லோருக்கும் சொல்” என்றாள். சிறுமி சொன்ன விளக்கம் பாடப்புத்தகத்தில் இருப்பதைவிடத் தெளிவாக இருந்தது. அன்று நான் அந்த மாணவிக்குப் போட்டது உயர்ந்த மதிப்பெண்.

மேடான் தமிழ்ப் பிள்ளைகளின் மொழி பற்றி ஸ்கிரிப்சி (பட்டப்படிப்பு ஆய்வேடு) எழுத விரும்புகிறேன். தோழிகளோ வகுப்பறை ஆய்வுதான் சீக்கிரம் முடியும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– இறுதியாண்டு மாணவி, மேடான்

உன் தலைப்பை விடாதே! 2023-இல் விதி மாறிவிட்டது. ஸ்கிரிப்சிக்குப் பதிலாக வேறு வடிவத்தில் செயல்திட்டம் கொடுக்கவும் துறைகள் அனுமதிக்கலாம். இருந்தும் நீ ஆய்வேடே எழுது. இந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுத உன்னைவிடப் பொருத்தமானவர் யார்?

ஆனால் தலைப்பைச் சுருக்கு. நீ இருப்பது கல்வித் துறை, ஆகவே பள்ளியோடு தொடர்பு இல்லாவிட்டால் முன்மொழிவுக் கருத்தரங்கிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நடுநிலைப் பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் கட்டுரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டில் பேசும் மொழி அவர்களுடைய வாக்கிய அமைப்பில் எங்கெங்கே தெரிகிறது என்று பார். பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கு. பிள்ளைகளின் பெயரை எங்கும் போடாதே. பிழைப் பட்டியலாக மட்டும் நிறுத்திவிடாமல், அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்தலாம் என்று ஓர் அத்தியாயம் சேர். தேர்வாளர்கள் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

வழிகாட்டியிடம் வெறுங்கையோடு போகாதே. ஒரு பக்கத்தில் கேள்வி, தரவு, கால அட்டவணை மூன்றையும் தட்டச்சு செய்து கொண்டு போ. கட்டுரைகளைச் சேகரிக்கும் வேலையைப் பள்ளித் தேர்வு வாரத்துக்கு முன்பே முடித்துவிடு. அதற்குப் பிறகு விடுமுறை வந்துவிடும், பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள்.